ஐவரில் மூவர்

நாற்சந்தி என்னும் இணையத் தளத்தை உலகத்தில் முக்காற்பங்கினர் பயன்படுத்தி வந்த காலம் அது. அங்கே எவரும் எதையும் எழுதலாம். எவரையும் எவரும் ஏசலாம். விரும்பிய பெயரைச் சூட்டிக்கொண்டு உலவலாம். ஒரு நாள் அதன் உரிமையாளர்கள் கடல் கடந்த ஏதோ ஒரு நகரத்தில் அமர்ந்து, கனிவு ததும்பும் மொழியில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்கள். வரும் தை முதல் நாளிலிருந்து, புனைபெயரில் எழுதுவோர் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் அவருடைய உண்மைப் பெயர், ஊர், நிழற்படம் ஆகியவை தாமாகவே தோன்றும் என்பது அதன் சாரம். "எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகவே" என்று அறிவிப்பு முடிந்திருந்தது. நம் பாதுகாப்புக்காக என்று சொல்லிக்கொண்டு எவரேனும் அருகில் வந்தால் உடனே வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கவேண்டும் என்பதை மக்கள் அதற்குள் கற்றிருந்தனர். ஆகவே அந்த மார்கழி முழுவதும் அவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள்.

வெளியேறியவர்கள் சென்று சேர்ந்த இடத்திற்குத் தனிமனை என்று பெயர். தனிமனைக்கு உரிமையாளர் கிடையாது, தலைமையகமும் கிடையாது. ஒவ்வொருவர் வீட்டிலும் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். அவரவர் எழுத்து அவரவர் பெட்டிக்குள். பெட்டிகள் தமக்குள் நேரே பேசிக்கொள்ளும். எழுதியதை ஊருக்குக் காட்டலாம், காட்டாமலும் வைக்கலாம். புனைபெயரில் காட்டியதை எழுதியவர் இன்னார் என்னும் செய்தி மட்டும் எழுதியவருடைய பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். பூட்டுக்குத் திறவுகோல், பன்னிரண்டு சொற்களாலான ஒரு கடவுத்தொடர்.

இவ்வளவும் நன்று. ஆனால் கடவுத்தொடரை மறந்துவிட்டால் என் செய்வது? உரிமையாளரே இல்லாத இடத்தில் யாரிடம் மனுக்கொடுப்பது? இதற்கும் வடிவமைப்பாளர்கள் வழி கண்டிருந்தனர். பெட்டியின் சாவி ஐந்து பங்காக வெட்டப்படும். அவற்றை நீங்கள் நம்பும் ஐவரிடம் ஒப்படைக்கவேண்டும். ஐவரில் எவரேனும் மூவருடைய பங்குகள் ஒன்று சேர்ந்தால் பெட்டி திறந்துகொள்ளும். இருவருடையவை சேர்ந்தால் ஒன்றும் ஆகாது.

அந்த வடிவமைப்பாளர்கள் கணிதத்தில் வல்லவர்கள். எனினும், அவர்களுள் ஒருவரேனும் திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துப் பழகியவர் அல்லர். 'நம்பும் ஐவர்' என்று அங்கிருந்து புறப்பட்ட விதி, பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது 'விட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளும் ஐவர்' என்று ஆகியிருந்தது. ஆறு மாதத்திற்குள் அதற்கு ஒரு சடங்கே பிறந்துவிட்டது. சாவிப்பங்கு அச்சிட்ட சிற்றட்டையை வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் ஆகியவற்றோடு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பெற்றுக்கொண்டவர் அன்றுமுதல் 'சாவிப்பங்காளி' எனப்படுவார். "எங்களையெல்லாம் சாவிக்கு ஆரு கூப்பிடுதா?" என்று பெருமூச்சு விட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட தாய்மாமன்மார் பலர்.

மதுரவல்லி அம்மாளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் நுண்ணோக்கியின் வழியே பிறருடைய இரத்தத்தைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் ஆவுடையப்பன், பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். ஒரு படிவத்தைக் கண்டால், பிறர் பலகாரத்தைக் கண்டாற்போல் முகம் மலர்பவர்.

மதுரவல்லிக்கு ஓர் இரகசியம் உண்டு. நாற்சந்தியில் நான்காண்டுகளாக ஞாயிறுதோறும் ஒரு சிறு கட்டுரை எழுதிவந்த 'கோணல்கரண்டி' அவரே. ஆறாயிரம் பேர் அதற்காகக் காத்திருந்து படித்தார்கள். கோணல்கரண்டியின் கட்டுரைகளில் 'மேலிடம்' என்றொரு பாத்திரம் வரும். "மேலிடம் இன்று தோசையைத் திருப்பும் முறை குறித்துப் பதினான்கு நிமிடம் விளக்கிற்று. தோசை கருகிற்று. கருகியதற்கும் விளக்கம் இருந்தது" என்பன போன்ற வரிகள் வரும். 'வானொலி நிலையம்' என்றொரு நாத்தனார், வந்த தாள் எதுவாயினும் சட்டம் போட்டு மாட்டும் சம்பந்தி ஆகியோரும் வருவார்கள். அவர்களெல்லாம் யார் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

எல்லாரும் தனிமனைக்குப் போகிறார்கள், நாமும் போவோம் என்று பொதுவாகச் சொல்லித்தான் மதுரவல்லி ஒரு பெட்டி வாங்கினார். படிவத்தைக் கண்டதும் ஆவுடையப்பன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அஞ்சு பேரு எழுதணுமாம். நான் ரஹ்மத் நிஷா பேர மட்டும் யோசிச்சு வச்சிருக்கேன்" என்றார் மதுரவல்லி. நிஷா, பரிசோதனைக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர்.

"அதெப்படி? மொதல்ல வீட்டுக்காரன். ரெண்டாவது ஒங்க அண்ணன். மூணாவது எங்க அக்கா. அவள விட்டுட்டு நாம இந்த ஊர்ல குடியிருக்க முடியுமா? நாலாவது சம்பந்தி. கடேசில ஒன் சிநேகிதி பேரப் போட்டுக்கிடுவோம்."

"இது என்ன கல்யாணப் பத்திரிகையா?"

"இல்லதான். அதுக்காவ முறைய விட்டுர முடியுமாட்டி?"

மறுக்கவேண்டுமானால் காரணம் சொல்லவேண்டும்; காரணத்தைச் சொன்னால் இரகசியம் போய்விடும். ஆகவே மதுரவல்லி படிவத்தில் கையெழுத்திட்டார். யாருடைய கண்ணில் படக்கூடாது என்று கடல் தாண்டிய நிறுவனத்தை விட்டு ஓடிவந்தாரோ, அவர்களிடமே தட்டில் வைத்துச் சாவியைக் கொடுத்தார். நாற்சந்தி நிறுவனத்திற்கு அவரைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. ஆயினும் அந்நிறுவனம் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவதில்லை.

இரண்டாண்டுகள் யாதொரு தீங்கும் இல்லை. கோணல்கரண்டி ஞாயிறுதோறும் எழுதிற்று. ஆறாயிரம் பேரும் பின்தொடர்ந்து வந்துவிட்டார்கள்.

பின்னர், ஓர் ஆவணி மாதத்தில், மதுரவல்லியின் பித்தப்பையில் இருந்த கல் தன் இருப்பைத் தெரிவித்தது. வலியும் காய்ச்சலும் ஒன்றாக வந்து நினைவு தடுமாறிய நிலையில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். முன்னொரு சமயம் ஏதோ ஒரு மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது கணவருக்கு நினைவிருந்தது. மருந்தின் பெயர் நினைவில்லை. அவர் வீட்டுக்கு ஓடி, எங்கோ தேடி எடுத்து மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் அறுவை நடந்தது. மதுரவல்லி பிழைத்துக்கொண்டார். ஆனால் மயக்கம் தெளிந்து பார்த்தால், கடவுத்தொடரின் பன்னிரண்டு சொற்களில் ஒன்பதுதான் நினைவில் இருந்தன. மூன்று சொற்கள் கல்லோடு சேர்ந்து போய்விட்டன போலும்.

தனிமனையில் மற்றொரு விதியும் இருந்தது. உரியவர் தம் கடவுத்தொடரைக் கொண்டு நாற்பத்தொரு நாள் திறவாதிருந்தால், அவர் காலமாகிவிட்டார் என்று பெட்டி முடிவுசெய்துகொள்ளும். ஐந்து பங்காளிகளுக்கும் உள்ளிருப்பது அனைத்தையும் தானே திறந்து காட்டிவிடும். மதுரவல்லி வீடு திரும்பித் தேறி எழுந்தபோது முப்பது நாள் கடந்திருந்தது.

அந்தப் புதன்கிழமை உலகம்மை வந்தார். ஆவுடையப்பனின் தமக்கை, கட்டுரைகளில் வானொலி நிலையம். ஓட்டுநரில்லாத ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே, ஆளில்லாத இருக்கையைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இறங்கினார்.

"என்னட்டி வல்லி, இப்படி எளச்சுப் போயிட்ட? பெட்டி திறக்கலன்னு தம்பி சொன்னான். அதுக்கு என்னத்துக்குக் கவலப்படுத? நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?"

"இல்ல மைனி, மெதுவா ஞாபகம் வந்துரும்னு டாக்டர் சொல்லிருக்காவ."

"அது மெதுவா வாரதுக்குள்ள அந்தச் சவத்துப் பெட்டி நீ செத்துட்டன்னு எழுதிருமாம்லா! நாள்கூடப் பாத்தாச்சு. ஞாயித்துக்கிழம ஒம்பதேகாலுக்கு மேல பத்தேகாலுக்குள்ள நல்ல நேரம். ஒங்க அண்ணன் வாரான். சம்பந்திக்கும் போன் போட்டுட்டேன். அவிய சுவத்துல இருந்து கழத்திக் கையோட கொண்டாராவ."

"சுவத்துல இருந்தா?"

"சாவி அட்டைக்குச் சட்டம் போட்டுச் சந்தனம் வச்சு மாட்டிருக்காவல்லா, ஒனக்குத் தெரியாதா?"

மதுரவல்லி இறுதியாக ஒரு முயற்சி செய்தார். "உள்ள ஒண்ணுமே இல்ல மைனி. என் ரத்த ரிப்போர்ட்டு, நாலு சமையல் குறிப்பு. அதுக்குப் போயி எல்லாரும் அலையணுமா?"

"இருக்கட்டும்ட்டி. அப்படியே ஒன் புளிக்கொழம்புப் பக்குவத்தையும் நான் பாத்துக்கிடுதேன்."

பகைவர் திறக்க வந்தால் போராடலாம். அன்போடு வருபவர்களை எப்படித் தடுப்பது? அருகிலிருந்த ஆவுடையப்பன், வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் விளக்கவில்லை. "பாக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னார். மருத்துவமனையிலிருந்து வந்தது முதலே அவர் அவ்வாறுதான் இருந்தார். தம் தட்டைத் தாமே கழுவினார். தோசையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தம் உடல்நிலை அவரை அவ்வளவு அச்சுறுத்திவிட்டதே என்று மதுரவல்லி இரங்கினார்.

அன்று மாலை ரஹ்மத் நிஷா வந்தார். கோணல்கரண்டி யார் என்பதை அறிந்த ஒரே ஆள் அவர்தாம். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ வல்லி, வழி ரெண்டே ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு, இத ஒரு வாளித் தண்ணியில முக்கிப்போடு."

"அழிஞ்சிராதா?"

"நீ எழுதினது அழியாது. படிக்கவங்க பெட்டியிலெல்லாம் நகல் கெடக்கு. எழுதினது நீதான்ங்குற விவரம் மட்டும் இதுக்குள்ளதான் இருக்கு. அது போயிரும். ஒருத்தருக்கும் எந்தக் காலத்துலயும் தெரியாது."

"அப்பக் கோணல்கரண்டி?"

"அவ போயிருவா. அந்தப் பேர்ல ஒன்னால இனி ஒரு வரி எழுத முடியாது. நீதான் அவன்னு நிரூபிக்க எங்க போவ? வேற பேர்ல ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும். இல்லன்னா ரெண்டாவது வழி. எங்கிட்ட ஒரு பங்கு இருக்கு. இன்னும் ரெண்டு வேணும். பங்கு குடுக்கவங்க பக்கத்துல நின்னு பாக்காம விடமாட்டாங்க. பாக்கி நாலு பேர்ல எந்த ரெண்டு பேருக்கு நீ யாருன்னு தெரிஞ்சா ஒனக்குப் பரவால்ல? அத நீதான் சொல்லணும்."

மதுரவல்லி பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நிஷா, இந்த வீட்டுல நான் ஆரம்பிச்ச ஒரு வாக்கியத்த முழுசாச் சொல்லி முடிக்கிற எடம் அது ஒண்ணுதான். அதத் தண்ணியில முக்கச் சொல்லுதியா?"

"அப்ப ரெண்டு பேரச் சொல்லு."

"எங்க அண்ணன். அவன் எதையும் படிக்க மாட்டான். மருந்துச் சீட்டயே கடைக்காரன்தான் படிச்சுச் சொல்லணும். இன்னொருத்தர்…" என்று தொடங்கிய மதுரவல்லி, அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

வியாழன் காலையில், கணவர் குளிக்கப் போயிருந்த சமயம் பார்த்து அவர் தம் அண்ணன் சங்கரபாண்டியனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழம நீ வரதுக்கு முன்னாடி ஒரு காரியம் செய்யணும். ஒன் சாவிப்பங்க எங்கிட்ட மட்டும் தனியாத் தா."

"எது, அந்த அட்டையா? அது எங்கிட்ட ஏதும்மா இருக்கு? தட்டுல வச்சுக் குடுத்த அன்னிக்கே மாப்பிள்ளைட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"என்னது?"

"நம்ம வீட்டுல எலி இருக்குல்லா. மாப்பிள்ளைன்னா பத்திரமா வச்சிருப்பாரு. உலகம்மை மைனியும் அப்பமே குடுத்துட்டாவளே. மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் ரசீதுகூடப் போட்டுத் தந்தாரு. அத வச்சிருக்கேன், வேணுமா?"

மதுரவல்லி தொலைபேசியை வைத்தார். அண்ணனுடையது ஒன்று, நாத்தனாருடையது ஒன்று, கணவருடையது ஒன்று. ஐவரில் மூவர். இரண்டாண்டுகளாகத் தாம் பூட்டியிருந்ததாக எண்ணிய கதவின் முழுச்சாவியும் அடுத்த அறைப் பீரோவிலேயே இருந்திருக்கிறது. திறமை மிக்க கணித வல்லுநர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்களைக் கற்பனை செய்தார்கள். அவர்களுள் இருவர் மிக்க பொறுப்புணர்ச்சியோடு மூன்றாமவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஆவுடையப்பன் ஈரத்தலையோடு வந்தபோது மதுரவல்லி பீரோவின் முன் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"அந்த மூணு சாவி அட்டையையும் எடுங்க."

ஆவுடையப்பன் பீரோவைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து ஒரு கோப்பினை எடுத்தார்; அதனுள்ளிருந்து மூன்று காகித உறைகள். ஒவ்வொன்றின் வாயும் அரக்கு முத்திரையிட்டு மூடப்பட்டிருந்தது. முத்திரை உடையவில்லை. மதுரவல்லி பெருமூச்சு விட்டார். இரண்டாண்டுகள் கையில் வைத்திருந்தும் பிரிக்கவில்லை! இத்தகைய மனிதரையா ஞாயிறுதோறும் கேலி செய்தோம் என்று அவர் நெஞ்சம் இளகிற்று. இளகிய நெஞ்சத்தோடே உறையைத் திருப்பினார். பின்புறத்தில், நேர்கோட்டில், அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

"மருத்துவர் கோரியதன்பேரிலும், உரியவர் பேசும் நிலையில் இல்லாமையாலும், ஆவணி 14-ஆம் நாள் முற்பகல் 10.40 மணிக்குப் பிரிக்கப்பட்டது. அன்றே பிற்பகல் 4.20 மணிக்கு மீண்டும் முத்திரையிடப்பட்டது. மு. ஆவுடையப்பன்."

மூன்று உறைகளிலும் அதே குறிப்பு.

"மருந்து பேர டாக்டருக்கு எத்தன மணிக்குச் சொன்னிய?" என்று கேட்டார் மதுரவல்லி.

"பத்து அம்பதுக்கு."

"அதுக்குப் பொறவு, நாலு இருவது வரைக்கும்?"

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார். "முந்நூத்திப் பன்னெண்டு கட்டுரை இருக்குல்லா வல்லி. நான் மெதுவாப் படிக்கிற ஆளு."

மதுரவல்லி உறையின் பின்புறக் குறிப்பை மீண்டும் ஒருமுறை படித்தார்.

"இத எழுதாம விட்டிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார் மதுரவல்லி.

"பிரிச்சது பிரிச்சதுதான். பிரிக்கலன்னு எழுத என் கை வராது."

"கோவம் வந்துச்சா?"

"மொத இருவது வரைக்கும் வந்துச்சு. பொறவு அந்த மேலிடம் வேற யாரோ ஒரு ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன். சிரிப்பாணி தாங்கல. எண்பத்தாறுல மறுபடியும் கோவம் வந்துட்டு."

"எண்பத்தாறு எது?"

"கொடை விஷயம். நான் அன்னிக்குக் கொடையத் தொலைக்கல. பஸ்ல மறந்து வச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"பதிவேட்டுல ரெண்டும் வேற." சற்று நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வல்லி, இருநூத்தி நாலுல, 'மேலிடம் பேசும்போது நான் மனத்துக்குள் பாத்திரங்களை எண்ணிக்கொள்வேன்'னு எழுதிருக்க. நெசமா?"

"நெசந்தான்."

"எத்தன வரும்?"

"சில நாள் நம்ம வீட்டுல உள்ளது பத்தாது. பாத்திரக்கடைல உள்ளதையும் சேத்து எண்ணுவேன்."

ஆவுடையப்பன் தலையசைத்தார். மூன்று உறைகளையும் மனைவியின் மடியில் வைத்தார். "நான் போயிக் காய் வாங்கிட்டு வாரேன். ஒரு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வாசற்கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தும் ஓசை கேட்டது. மதுரவல்லி அட்டைகளைச் சேர்த்துப் பெட்டியைத் திறந்து, புதிய கடவுத்தொடரை அமைத்தார். ஏழு நாளுக்குள் புதிய ஐவர் பட்டியலைத் தருமாறு பெட்டி கேட்டது.

ஆக, கோணல்கரண்டி பிழைத்தது. ஆனால் அது எழுதவில்லை.

வெள்ளியன்று மதுரவல்லி அமர்ந்து, "மேலிடம் இன்று வெண்டைக்காயை முற்றலாக வாங்கி வந்தது" என்று எழுதினார். கை தானாகவே, "பாவம், நல்ல வெயில்" என்று சேர்த்தது. அழித்தார். மீண்டும் எழுதினார், இம்முறை வெண்டைக்காய் இளசாகிவிட்டது. சனியன்றும் அவ்வாறே. வாக்கியங்கள் எல்லாம் விருந்தினர் வருகிறார் என்று தலைவாரிப் பொட்டிட்டு நிறுத்திய பிள்ளைகளைப்போல் வரிசையாக நின்றன. பார்ப்பது அன்புடைய கண்தான். எனினும் அதுவும் பார்க்கும் கண்ணே. நாற்சந்தி நிறுவனம் தன் கோடானுகோடிக் கண்களால் பார்த்தபோது நிற்காத கை, இப்போது ஒரு சோடிக் கண்ணாடிக்கு முன் நின்றுவிட்டது.

ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கு உறவினர் மூவரும் வந்துவிட்டார்கள். உலகம்மை கையில் அல்வாப் பொட்டலம். சம்பந்தியின் கையில் சந்தனப்பொட்டோடு கூடிய சட்டம். பெட்டி வியாழனன்றே திறந்துவிட்டது என்று கேட்டதும் உலகம்மைக்கு முகம் சுண்டிற்று. நல்ல நேரம் வீணாயிற்றே என்பது முதல் வருத்தம். மேசைமேல் இருந்த புதிய பட்டியலை எடுத்துப் படித்ததும் இரண்டாம் வருத்தம் தொடங்கிற்று. ரஹ்மத் நிஷாவும், பரிசோதனைக்கூடத்தில் உடன் வேலை செய்த வேறு நான்கு பெண்களும் அதில் இருந்தார்கள். உறவினர் ஒருவர்கூட இல்லை.

"ஏட்டி வல்லி, ரத்தம் எடுக்கவளுவளுக்கெல்லாம் சாவி உண்டு, ரத்த சம்பந்தத்துக்கு இல்லியோ? தம்பி பேரு எங்கட்டி?"

மதுரவல்லி வாய் திறக்குமுன் ஆவுடையப்பன் குறுக்கிட்டார். "நான்தான்க்கா எடுக்கச் சொன்னேன். பட்டியல் எழுதுனதே நான்தான். என் கையெழுத்து ஒனக்குத் தெரியாதா?"

"ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கால? கட்டுன பொண்டாட்டி பெட்டிக்கு ஒனக்குச் சாவி இல்லன்னா ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"முப்பத்தாறு வருஷம் ஊரார் பத்திரத்துக்கெல்லாம் காவல் இருந்தாச்சு. போதும்னு ராஜினாமா குடுத்துட்டேன்னு சொல்லு."

"நல்லாருக்கு! நான் காப்பி குடிக்கல. வாரேன்" என்று உலகம்மை எழுந்தார். அல்வாவை மட்டும் வைத்துவிட்டுப் போனார். எவ்வளவு கோபமாயினும் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகும் வழக்கம் அவரிடம் இல்லை. சங்கரபாண்டியன், பழைய இரசீதை என்ன செய்வது என்று கேட்டார். சம்பந்தி ஓர் ஐயம் எழுப்பினார்: "பங்கு செல்லாமப் போனாலும் சட்டம் எங்க வீட்டுச் சுவத்துலயே இருக்கலாம்லா? மாட்டுன எடம் வெளுத்துப்போயிக் கெடக்கு." இருக்கலாம் என்று அனைவரும் ஒருமனதாக இசைந்தனர்.

அவர்கள் சென்றபின், ஆவுடையப்பன் தம் அறைக்குள் போய் ஒரு முழுநீளத் தாளோடு திரும்பினார். மனைவியின் முன் வைத்துவிட்டு, மேசைக்கு எதிரே, மனுக்கொடுக்க வந்தவரைப்போல் நின்றுகொண்டார். மதுரவல்லி படித்தார்.

"அனுப்புநர்: மு. ஆவுடையப்பன், சமையலறைக்கு அடுத்த அறை. பெறுநர்: திருமதி கோணல்கரண்டி அவர்கள். பொருள்: தங்கள் மனைக்குள் என்னை அனுமதியாதிருக்க வேண்டுதல். அம்மையீர், இன்று ஞாயிறு. தங்கள் கட்டுரை வரவில்லை. மனை வியாழனன்றே திறக்கப்பட்டுவிட்டமையாலும், தாங்கள் இரு நாளும் மேசையில் அமர்ந்திருந்ததை நேரில் கண்டமையாலும், உடல்நலக்குறைவு காரணம் ஆகாது. காரணம் நானே என்று அறிகிறேன். ஆகவே, என் பெட்டியிலிருந்து தங்கள் பக்கத்தைக் காண இயலாதவாறு கதவடைத்து வைக்குமாறும், இனி என்னைப் பற்றி எது எழுதினாலும் எனக்குத் தெரிவியாதிருக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். குறிப்பு: எண்பத்தாறாம் கட்டுரை குறித்த என் மறுப்பு நிலுவையில் உள்ளது."

மதுரவல்லி இருமுறை படித்தார். "கதவடச்சுட்டா ஒங்களுக்குப் படிக்க முடியாதே?"

"முடியாதுதான்."

"சிரிப்பாணி தாங்கலன்னு சொன்னியளே?"

"நல்லா இருந்துச்சு. அதான் கேக்கேன்."

மதுரவல்லி பேனாவை எடுத்தார். மனுவின் ஓரத்தில் "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதி, தேதியிட்டு, கோணல்கரண்டி என்று கையெழுத்திட்டார். அந்தப் பெயரை அவர் தாளில் எழுதியது அதுவே முதன்முறை. பிறகு பெட்டியைத் திறந்து, ஆறாயிரத்துச் சில்லறை வாசகர்களின் பட்டியலில் இறுதியாகச் சேர்ந்திருந்த ஒருவரைத் தேடிப்பிடித்து வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். ஆவுடையப்பன் மனுவை வாங்கி, உத்தரவைச் சரிபார்த்து, கோப்பில் சேர்ப்பதற்காக எடுத்துப்போனார்.

பிற்பகலில் அவர் சமையலறையில் அமர்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். முன்னறையிலிருந்து விசைப்பலகையின் ஓசை வந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பின்னர் மழை பிடித்தாற்போல் விடாமல். திடீரென்று ஓசை நின்றது. மதுரவல்லி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

"என்னட்டி, தனியா இருந்து சிரிக்க?" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.